ஒரு பிளேஸ்டேஷன் விற்றால் கையில் எவ்வளவு நிற்கும்?

மார்த்தாண்டத்தில் ஒன்பது வருடமாக மொபைல் விற்பனையும் சர்வீஸும் செய்துவரும் 36 வயது வாசகர் ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். சுருக்கம் இது. ஆன்லைன் வந்தபிறகு புது மொபைலில் லாபம் என்று சொல்ல ஒன்றுமில்லை. கடைக்கு வரும் கல்லூரிப் பையன்கள் பிளேஸ்டேஷன் 5 கேட்கிறார்கள். 'கம்பெனிக்கு அடக்கம் 20,000 ரூபாய்தான், மிச்சமெல்லாம் இடையில் இருப்பவர்கள் தின்பது' என்று ஒரு வீடியோவில் பார்த்திருக்கிறார். நாகர்கோவிலில் விசாரித்த டீலரோ, பெட்டிக்கு இரண்டாயிரம்கூட நிற்காது என்கிறார். டீலர் மறைக்கிறாரோ என்று இவருக்குச் சந்தேகம்.

துபாயில் இருக்கும் மச்சினன் அங்கே 1,800 திர்ஹாமுக்குக் கிடைக்கிறது என்று சொல்லியிருக்கிறார். அவரும் அறையில் உடன் இருப்பவர்களும் ஊருக்கு வரும்போது ஆளுக்கு ஒன்றிரண்டு கொண்டுவந்தால் 48,000-க்கு விற்கலாம் என்பது திட்டம். மூன்று பேரிடம் தலா 5,000 ரூபாய் முன்பணமும் வாங்கியாயிற்று. கையில் 4 லட்சம் இருக்கிறது. மனைவியின் நகையை வைத்து இன்னும் 2 லட்சம் புரட்டி, கடை மாடியில் ஐந்து பெட்டியோடு கேமிங் சென்டர் தொடங்கவும் எண்ணம். 'விலை இறங்கும்வரை காத்திருக்கணுமா, இப்பவே இறங்கலாமா?' என்று கேட்டு முடித்திருக்கிறார்.

காஸ்ட் அக்கவுண்டன்ட் தரும் பதில்:

அன்புள்ள மார்த்தாண்டம் வாசகருக்கு,

முதலில் அந்த நாகர்கோவில் டீலரைப் பற்றி. அவர் உங்களிடம் சொன்னது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். வீடியோவில் வந்த கணக்குதான் தவறு. எங்கே தவறு என்று தெரிந்துகொண்டால், உங்கள் 6 லட்சத்தை எங்கே போடக்கூடாது என்பதும் தெரிந்துவிடும்.

அந்த 20,000 எப்படி வந்தது

ஒரு கன்சோல் சந்தைக்கு வந்த உடனே, ஆய்வு நிறுவனங்கள் அதைப் பிரித்துப் போட்டு, உள்ளே இருக்கும் ஒவ்வொரு பாகத்துக்கும் விலை மதிப்பிடும். அந்தக் கூட்டுத்தொகையைத்தான் வீடியோக்காரர்கள் 'அடக்கம்' என்கிறார்கள். அது பாகங்களின் விலையும் பூட்டும் கூலியும் மட்டும். கப்பல் செலவு, பல வருட வடிவமைப்புச் செலவு, வாரண்டியில் திரும்பி வரும் சரக்கு, விளம்பரம், கடைக்காரர் கழிவு எதுவும் அதில் கிடையாது.

அந்தப் பாகக் கணக்கை மட்டும் எடுத்தாலும் லாபம் பெரிதாக இருப்பதில்லை. 2006-இல் பிளேஸ்டேஷன் 3 வந்தபோது, 60 ஜிபி பெட்டிக்குப் பாகமும் கூலியும் 840 டாலர் என்று ஐசப்ளை நிறுவனம் மதிப்பிட்டது. அமெரிக்கக் கடையில் அதன் விலை 599 டாலர். 2013-இல் வந்த பிளேஸ்டேஷன் 4-க்கு ஐஎச்எஸ் நிறுவனத்தின் மதிப்பீடு 381 டாலர், விற்ற விலை 399. இடையில் நின்றது 18 டாலர், அதிலும் கடைக்காரர் பங்கு போகவேண்டும். அதே மதிப்பீட்டில் கைப்பிடியின், அதாவது கன்ட்ரோலரின் அடக்கமும் 18 டாலர்தான். ஆனால் அதைத் தனியாக வாங்கினால் 60 டாலர். 381-ஐப் போட்டுச் செய்த பெட்டியில் 18 டாலரும் முழுசாக நிற்கவில்லை, 18-ஐப் போட்டுச் செய்த கைப்பிடியில் 42 டாலர் இடைவெளி. இந்தத் தொழிலின் லாபம் எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

உங்கள் பையன்கள் கேட்கும் பிஎஸ்5-இன் கதையும் இதுதான். 2020 நவம்பரில் 499 டாலருக்கு வந்தது. டிஸ்க் மாடல் இனி நஷ்டத்துக்கு விற்கப்படவில்லை என்று சோனி சொன்னதே 2021 ஆகஸ்டில்தான். எக்ஸ்பாக்ஸ் பெட்டி ஒவ்வொன்றுக்கும் 100 முதல் 200 டாலர் வரை கைநஷ்டம் ஏற்கிறோம் என்று மைக்ரோசாஃப்டின் பில் ஸ்பென்சர் 2022-இல் வெளிப்படையாகவே சொன்னார். எல்லோரும் இப்படியல்ல, நின்டெண்டோ 2006-இல் வீ பெட்டியை முதல் நாளிலிருந்தே லாபத்துக்கு விற்றது. ஆனால் அடுத்து வந்த வீ யூ-வை நஷ்டத்துக்கு விற்று, வாங்குபவர் ஒரு கேம் வாங்கினால் கணக்கு நேராகிவிடும் என்றது.

'நஷ்டத்துக்கு விற்று எப்படிப் பிழைக்கிறார்கள்?' என்று கேட்பீர்கள். பெட்டி வீட்டுக்குள் போனபிறகு பையன் ஆன்லைன் ஸ்டோரில் 4,999 ரூபாய்க்கு ஒரு கேம் வாங்குகிறான். ஜிஎஸ்டி போக 4,236. அதில் வழக்கமான 30 சதவீதம் ஸ்டோர் வைத்திருப்பவருக்கு, அதாவது சுமார் 1,270 ரூபாய். பெட்டியில்லை, கப்பலில்லை, கோடவுன் இல்லை. அடுத்த கேமுக்கும் அதே. மேலே மாதச் சந்தா வேறு. இந்தப் பணத்தில் மார்த்தாண்டத்தில் பெட்டியை விற்ற கடைக்காரருக்கு ஒரு பைசா வராது.

2024-இல் டிஸ்க் இல்லாத டிஜிட்டல் மாடலை 10,000 ரூபாய் குறைத்து விற்றதன் ரகசியமும் இதுதான். டிஸ்க் டிரைவ் என்ற பாகத்துக்கு அவ்வளவு விலை கிடையாது. டிரைவைத் தனியாக வாங்கிப் பொருத்தினால் ஒழிய, அந்தப் பெட்டியை வாங்கியவர் டிஸ்க் கேம் எங்கும் வாங்க முடியாது என்பதற்காக விட்டுக்கொடுக்கும் தொகை அது. உங்களைப் போன்ற கடைக்கு டிஜிட்டல் மாடல் வாடிக்கையாளர் ஒருமுறை வந்துவிட்டுப் போகிறவர். டிஸ்க் மாடல்காரர்தான் பழைய கேமை மாற்ற மறுபடி படியேறுவார். பெட்டி விற்பதானால் டிஸ்க் மாடலையே எடுத்துக் காட்டுங்கள்.

54,990-ஐப் பின்னாலிருந்து பிரித்தால்

2024 ஏப்ரலில் பிஎஸ்5-இன் ஸ்லிம் மாடல் இங்கே வந்த விலையை வைத்தே பார்ப்போம். 54,990-க்குள் 18 சதவீத ஜிஎஸ்டி 8,388. (2019 ஜனவரிக்கு முன் இது 28 சதவீதமாக இருந்தது.) மீதி 46,602. மொத்த வியாபாரி, டீலர் இருவருக்குமாக 8 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 3,728 போய் 42,874. இறக்குமதிக்குச் சுங்கம் 20 சதவீதம், அந்தச் சுங்கத்தின்மேல் 10 சதவீத சமூகநல மேல்வரி, ஆக 22. அதைக் கழித்தால் துறைமுகத்தில் வந்து இறங்கிய மதிப்பு சுமார் 35,140 ரூபாய். அப்போதைய டாலர் விலையில் 423 டாலர் அளவு.

அதாவது உங்கள் வாடிக்கையாளர் கொடுக்கும் 54,990-இல் சுங்கமும் ஜிஎஸ்டியும் சேர்ந்து 16,000-க்கு மேல். துபாய் விலைக்கும் நம்மூர் விலைக்கும் இடையில் தெரிகிற வித்தியாசத்தில் பெரும்பங்கு இதுவே. இடையில் இருப்பவர்கள் தின்பதாக நீங்கள் நினைத்தது அரசுக்குப் போகும் வரி.

இப்போது உங்கள் கல்லாவுக்கு வருவோம். டீலர் உங்களுக்கு 4 சதவீதம் விட்டுக்கொடுக்கிறார் என்று வையுங்கள். 46,602-இல் அது 1,864. வாங்குபவர் கிரெடிட் கார்டு நீட்டினால் 2 சதவீதம், 1,100 ரூபாய் போச்சு. நாகர்கோவிலிலிருந்து கொண்டுவரும் வண்டிச் செலவு 200. மிச்சம் 564. பெட்டியை உங்கள் நகைக்கடன் பணத்தில் வாங்கி, மாதம் ஒரு ரூபாய் வட்டி என்றால், விற்காமல் ஒரு மாதம் அலமாரியில் இருந்தால் வட்டி 528. நிற்பது 36 ரூபாய். மார்த்தாண்டம் பஸ் ஸ்டாண்டில் ஒரு சாயாவும் ரசவடையும். 'அண்ணே, ஒரு கவர் சும்மா தாங்க' என்று பையன் கேட்டால் அதுவும் கிடையாது.

அதனால் பெட்டியைக் கடையில் வாங்கி அடுக்காதீர்கள். ஆர்டரும் யுபிஐயில் பணமும் வந்தபிறகு எடுத்துக் கொடுங்கள். திருவனந்தபுரத்தில் மொத்த வியாபாரி கிடைத்தால் அங்கே வாங்குவதில் தவறில்லை, மாநிலம் தாண்டிய வாங்கலுக்குக் கட்டும் ஐஜிஎஸ்டி உள்ளீட்டு வரவாக, அதாவது நீங்கள் கட்டவேண்டிய வரியில் கழிவாகக் கிடைத்துவிடும். ஆனால் மாநிலம் தாண்டும்போது பில் தொகை 50,000-ஐக் கடந்தால் சரக்கோடு இ-வே பில் என்ற ஆன்லைன் அனுமதிச்சீட்டு வேண்டும். ஒரே ஒரு பெட்டி வாங்கினாலும் வரியோடு அந்தத் தொகையைத் தாண்டிவிடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. எல்லையில், களியக்காவிளையில் வண்டியை நிறுத்தியபிறகு கவனித்துப் பயனில்லை.

குருவி வழி

மச்சினன் திட்டத்தைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். அது வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து வருபவர் தன் வீட்டுக்காக ஒரு பெட்டி கொண்டுவரலாம். பேக்கேஜ் விதியில் வரியில்லா வரம்பு ஒன்று உண்டு. 2016 விதிகளில் அது 50,000 ரூபாயாக இருந்தது. அரசு அவ்வப்போது மாற்றும் தொகை என்பதால் பயணத் தேதியில் உள்ளதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் தவறான எண்ணம் வேறு இடத்தில் இருக்கிறது. 'வரம்புக்குள் இருந்தால் போதும், ஆளைப் பிரித்துக் கொண்டுவந்தால் யார் கேட்பார்?' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரம்பு பயணியின் சொந்த உபயோகப் பொருளுக்கு மட்டுமே. விற்பனைச் சரக்குக்கு அது பொருந்தாது. ஒருவரின் வரம்பை இன்னொருவரின் வரம்போடு சேர்க்கவும் முடியாது. ஒரே அறையிலிருந்து வரும் நான்கு பேர், ஒரே மாடல் பெட்டி, சீல்கூடப் பிரிக்காமல் என்றால் திருவனந்தபுரம் விமான நிலையத்தில் இருப்பவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. 1962 சுங்கச் சட்டத்தின் 111-ஆம் பிரிவில் பறிமுதல், 112-இல் அபராதம். முதலில் மாட்டுவது நீங்கள் அல்ல, விடுமுறைக்கு ஊருக்கு வரும் உங்கள் மச்சினன்.

பணக் கணக்காகவும் பாருங்கள். 1,800 திர்ஹாம், திர்ஹாம் 23 ரூபாய் என்றால் 41,400. கொண்டுவருபவருக்கு 2,000. விற்பது 48,000. நிற்பது 4,600. பத்தில் ஒரு பெட்டி பிடிபட்டாலே 41,400 போகிறது. மற்ற ஒன்பதில் நின்றதும் சரியாக 41,400. பத்துப் பெட்டி விற்று, பத்துப் பேரிடம் பேச்சும் கேட்டு, கையில் மிஞ்சுவது பூஜ்யம். அபராதம் இதில் சேரவில்லை.

தப்பி வந்த பெட்டியும் நிம்மதி தராது. இறக்குமதிப் பொட்டலத்தில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்.ஆர்.பி. எல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது 2011 எடையளவு விதி. வீடியோ கேம் கருவிகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் கட்டாயப் பதிவும் உண்டு. துபாய் பெட்டியில் இவை எதுவும் இருக்காது. கொள்முதல் பில் இல்லாத சரக்கை உங்கள் ஜிஎஸ்டி கணக்கில் எங்கே காட்டுவீர்கள்? அங்கே வாங்கிய பெட்டிக்கு இங்கே வாரண்டியும் கிடையாது. ஐந்தாம் மாதம் பெட்டி ஆன் ஆகவில்லை என்றால் பையன் சோனியிடம் போகமாட்டான், அவன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு உங்களிடம் வருவான்.

மச்சினன் தன் பிள்ளைகளுக்கென்று ஒன்று கொண்டுவருவதானால் தாராளமாகக் கொண்டுவரட்டும். துபாய் பெட்டி நம் ஊர் மின்சாரத்திலும் ஓடும், பழைய ரேடியோவுக்குப் போடுவதுபோல் எட்டு வடிவ வயர் ஒன்று வாங்கினால் போதும். கேம் டிஸ்க் எந்த நாட்டுடையதும் ஓடும். ப்ளூரே சினிமா டிஸ்க் மட்டும் ஓடாமல் போகலாம், அந்த ஊர் பி மண்டலம், நம் ஊர் சி மண்டலம்.

மாடியில் ஐந்து பெட்டி

கேமிங் சென்டருக்கு மணிக்கு 60 ரூபாய் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு இருக்கைக்குப் பெட்டி, கூடுதல் கைப்பிடி, 43 இன்ச் டிவி, நாற்காலி, கேம் பங்கு எல்லாம் சேர்த்து 90,000 என்று வைத்தால் ஐந்துக்கு நாலரை லட்சம். மூன்று வருடத்தில் தேய்ந்துபோகும் என்று எடுத்தால் மாதம் 12,500. நீங்கள் சொன்ன மாடி வாடகை 15,000, பையன் சம்பளம் 12,000, மின்சாரம் 6,000, கைப்பிடி ரிப்பேர் 3,000. மொத்தம் 48,500. 60-ஆல் வகுத்தால் மாதம் 808 மணி நேரம் ஓடவேண்டும். ஒவ்வொரு இருக்கையும் தினமும், மாதம் முப்பது நாளும், ஏறக்குறைய ஐந்தரை மணி நேரம் ஓடினால்தான் கைக்கு வந்ததும் போனதும் சரியாகும். பள்ளி, கல்லூரி நாளில் சாயங்காலம் நாலரைக்கு மேல் எட்டரை வரைதான் கூட்டம். அது நாலு மணி நேரம், அதிலும் ஐந்து இருக்கையும் நிறைந்தால்.

மே மாதம் மட்டும் பார்த்து முடிவு செய்பவர்கள் ஜூலையில் மாட்டிக்கொள்கிறார்கள். கொஞ்சம் மாற்றிப் போட்டால் கணக்கு உயிர் பெறும். ஒரே டிவியில் நால்வர் ஆடும் கால்பந்து, சண்டை விளையாட்டுகளுக்கு ஆளுக்கு 40 என்று வாங்கினால் ஒரு இருக்கையின் மணிநேர வருமானம் 160 ஆகிறது. அதற்கு ஐந்து பெட்டி தேவையில்லை, இரண்டு போதும். கூடுதல் கைப்பிடிகள்தான் வேண்டும்.

இன்னொன்று சொல்லியாக வேண்டும். பிளேஸ்டேஷன் கேம்களின் உரிம ஒப்பந்தம் தனிப்பட்ட, வணிகமல்லாத பயன்பாட்டுக்குத்தான் அனுமதிக்கிறது. ஊருக்கு ஊர் சென்டர் நடக்கிறதே என்பீர்கள். நடக்கிறது. ஆனால் கணக்கை முடக்கினால் உங்களால் கேட்க முடியாது என்பது தெரிந்து இறங்குங்கள். குழித்துறை நகராட்சியின் தொழில் உரிமமும் தனியாக வேண்டும். சரக்கு மட்டும் விற்பவருக்கு ஜிஎஸ்டி பதிவு வரம்பு 40 லட்சம். சேவையும் சேர்ந்தால் 20 லட்சமாகிவிடும்.

விலை இறங்குமா?

காத்திருக்க வேண்டாம். பிளேஸ்டேஷன் 2 வந்தபோது 299 டாலர், 2009-இல் 99. அந்தக் காலத்தில் சிப் சுருங்கச் சுருங்க அடக்கமும் சுருங்கியது. இப்போது புதுத் தலைமுறை சிப் உற்பத்தியே விலை கூடியது, அதனால் அந்த மிச்சம் வருவதில்லை. பிஎஸ்5 இந்தியாவில் 49,990-க்கு வந்து 2022 நவம்பரில் 54,990 ஆனது. அமெரிக்காவிலும் 2025 ஆகஸ்டில் 50 டாலர் ஏற்றினார்கள். பண்டிகைச் சலுகையில் சில வாரம் இறங்கும், திரும்ப ஏறும்.

உங்கள் மேசையில் ஏற்கெனவே இருக்கும் தொழில்

கடிதத்தில் ஒரு வரியில் கடந்துபோன விஷயம்தான் என் கண்ணில் பட்டது: சூடான காற்றடித்துப் பாகங்களைக் கழற்றும் ஹாட் ஏர் ஸ்டேஷனும் மைக்ரோஸ்கோப்பும் வைத்திருக்கிறீர்கள், போர்டு வேலை தெரியும் என்கிறீர்கள். உங்கள் வட்டாரத்தில் இருக்கும் ஒவ்வொரு கன்சோலும், அதை யார் விற்றிருந்தாலும், உங்களுக்குச் சரக்குதான்.

அதிகம் வருவது எச்டிஎம்ஐ போர்ட், அதாவது டிவி வயரைச் செருகும் இடம். வயரைச் சாய்த்து இழுத்து உள்ளே இருக்கும் நாக்கு உடைந்திருக்கும். 19 கால்கள், மொபைல் சார்ஜிங் போர்ட் மாற்றியவருக்குப் புதிதல்ல. ஆனால் கன்சோல் போர்டு தடிமன், உள்ளே செம்புப் பரப்பு அதிகம், சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மேலிருந்து மட்டும் காற்றடித்துப் பொறுமையிழந்து இழுத்தால் போர்டில் கால் ஒட்டியிருக்கும் பேட் பெயர்ந்துவிடும். கீழே பிரீஹீட்டர் வைத்துச் சூடேற்றியபிறகே கை வையுங்கள். ஐப்பசி இடிமழையில் கேபிள் வழியாக டிவிக்கு வந்த மின்னதிர்ச்சி, எச்டிஎம்ஐ வழியாகப் பெட்டிக்குள் போயிருந்தால் போர்ட் மாற்றியும் படம் வராது. பக்கத்தில் இருக்கும் எச்டிஎம்ஐ ஐசியும் போயிருக்கும். ரேட் சொல்வதற்கு முன் அதைச் சோதித்துவிடுங்கள்.

அடுத்தது கைப்பிடி. தொடாமலே ஆள் நகர்கிறது என்று வருவார்கள். குச்சிக்குக் கீழே இருக்கும் பொட்டென்ஷியோமீட்டரில் கார்பன் தடம் தேய்வதுதான் காரணம். கிளீனர் அடித்தால் பத்து நாள் நிற்கும், மறுபடி வரும். மாட்யூலையே மாற்றுவதுதான் முறை. உரசல் இல்லாத ஹால் சென்சார் மாட்யூல் போட்டால் அந்தத் தேய்மானம் திரும்பாது, ஆனால் போட்டபிறகு காலிபரேஷன் செய்தாக வேண்டும். புதுக் கைப்பிடி 6,000 ரூபாய் அளவில் இருக்கும்போது 1,200-க்குச் சரிசெய்து தருபவரை யாரும் பேரம் பேசமாட்டார்கள்.

பிஎஸ்5-இன் ஹீட்சிங்க்கை மட்டும் இப்போதைக்குத் தொடாதீர்கள். உள்ளே பேஸ்ட் கிடையாது, திரவ உலோகம். போர்டில் ஒரு துளி சிந்தினால் ஷார்ட். அலுமினியத்தில் பட்டால் அரிக்கும். இரண்டு மூன்று செத்த போர்டில் பழகியபிறகு பாருங்கள். தூசி எடுக்க அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை, பக்கத் தகட்டைக் கழற்றினால் தூசி சேரும் துளைகள் தெரியும், வாக்குவம் வைத்து உறிஞ்சினால் போதும். அதே தகட்டுக்குக் கீழேதான் கூடுதல் சேமிப்புக்கான எம்.2 எஸ்எஸ்டி இடமும். நான்காம் தலைமுறை, விநாடிக்கு 5,500 எம்பி, ஹீட்சிங்க்கோடு மொத்த உயரம் 11.25 மில்லிமீட்டருக்குள். இதை வாங்கிப் பொருத்திக் கொடுப்பதில் பெட்டி விற்பதைவிட அதிகம் நிற்கும்.

பழைய டிஸ்க், பழைய பெட்டி வாங்கி விற்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். உள்ளீட்டு வரவு எடுக்காத பழைய பொருளுக்கு, ஜிஎஸ்டியின் 32(5) விதிப்படி உங்கள் லாபத்தின்மேல் மட்டும் ஜிஎஸ்டி. வாங்கும்போது விற்பவரின் அடையாள அட்டை நகலும் கையெழுத்தும் வாங்கி, சீரியல் நம்பரை நோட்டில் எழுதிவையுங்கள்.

இதற்கெல்லாம் 6 லட்சம் தேவையில்லை. பிரீஹீட்டர், மாட்யூல்கள், போர்ட்கள், பழகுவதற்குச் செத்த போர்டுகள், இருபது முப்பது பழைய டிஸ்க் என்று ஒரு லட்சத்துக்குள் முடியும். நகை பெட்டியிலேயே இருக்கட்டும். ஆறு மாதம் கழித்து சர்வீஸுக்கு வரும் பையன்களின் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு, மாடியில் இரண்டு இருக்கை போடுவதா என்று யோசிக்கலாம்.

முன்பணம் கொடுத்த மூன்று பேரை இந்த வாரமே கூப்பிடுங்கள். இந்தியப் பில்லோடு எம்.ஆர்.பி.க்கு வேண்டுமென்றால் எடுத்துத் தருகிறேன், இல்லையென்றால் 5,000-ஐத் திருப்பித் தருகிறேன் என்று சொல்லுங்கள். திருப்புவதை யுபிஐயில் திருப்புங்கள், பதிவு இருக்கும். அதற்கு முன் மச்சினனுக்கு ஒரு போன் போட்டு, வாங்கவில்லையென்றால் வாங்கவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.